மேளத்துக்குப் பின்னால் ஓர் அமெரிக்கக் கார்

நிச்சயதார்த்தத்தன்று என் வாயில் வெற்றிலை இருந்திருந்தால் இத்தனை பாடும் வந்திருக்காது. தட்டு மாற்றி முடித்து, பாயசத்துக்கு எல்லோரும் காத்திருந்த நேரம். என் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவர், ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, மாப்பிள்ளை அழைப்புக்குக் காரு நாங்களே பேசிக்கட்டுங்களா?"

"பேசிக்குங்க" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நான் சொன்னது வேறு.

"எதுக்குங்க? நம்ம தோப்புல அமெரிக்காக்காரன் செஞ்ச ப்ளசர் காரே நிக்கிது. மாப்பிள்ளைய அதுல ராசா கணக்கா கூட்டியாரேன். நானே ஓட்டுறேன்."

இதில் 'நிக்கிது' என்ற ஒன்றுதான் முழு உண்மை. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இன்னும் வராத பாயசம் கசந்தது.

பழைய பெரிய காருக்கு எங்கள் பக்கத்தில் ப்ளசர் என்றுதான் பெயர். என்னுடையது மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தின் வண்டி. ஆறு சிலிண்டர், சோபா போல சீட்டு, ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு டிக்கி. அவர்கள் கழித்துவிட்டபோது நான் வாங்கி, செம்பட்டி சாலையில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புத் தகரக் கொட்டகையில் நிறுத்திவைத்தேன். நான் திண்டுக்கல்லில் பம்புசெட் மோட்டாரும் உதிரி பாகமும் விற்கிறவன். மோட்டார் தெரிந்தவனுக்குக் கார் எம்மாத்திரம் என்ற திமிர் அப்போது நிறையவே இருந்தது.

வண்டி ஓடாது என்று யாரும் சொல்ல முடியாது. ஓடும். வேகமாக ஓடும்வரைக்கும் ஓடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு இருமல் இருமிவிட்டு அணைந்துவிடும். வேகத்தடை கண்டால் அணையும், மாடு குறுக்கே வந்தால் அணையும், தெரிந்தவரைப் பார்த்து வணக்கம் சொல்லக் கொஞ்சம் மெதுவாக்கினாலும் அணையும். அதனால் இந்தக் காரை வாங்கியதிலிருந்து நான் யாருக்கும் வழியில் வணக்கம் சொன்னதில்லை. தலைக்கனம் பிடித்துவிட்டான் என்று ஊரில் பேச்சு.

மாப்பிள்ளை அழைப்பு என்பது என்ன? பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் காரில் மாப்பிள்ளை. வித்வான் நடக்கும் வேகம்தான் காரின் வேகம். அவர் முச்சந்தியில் நின்று ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டால், அது முடியும்வரை கார் நின்ற இடத்திலேயே அணையாமல் உறுமிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, இந்த வண்டிக்கு எது அறவே வராதோ அது ஒன்றை மட்டுமே ஊர்வலம் முழுக்கச் செய்ய வேண்டும்.

"வாடகைக்கு ஒரு கார் எடுத்துருவோம்ங்க" என்றாள் மனைவி. அதற்குள் சம்பந்தி போன் செய்தார். "ஊருல எல்லாத்துக்கும் சொல்லிட்டனுங்க சம்பந்தி. ப்ளசர் காரப் பாக்கோணும்னு எங்க பெரியப்பாவே வர்றாருங்க."

அந்த வழியும் அடைபட்டது. மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நடுரோட்டுல கார் நின்னு மாப்பிள்ளை எறங்கி நடந்தாருன்னா உங்களுக்கு ஒருநாள் அவமானம். எனக்கு அந்த வீட்டுல ஆயுசுக்கும் பேச்சு. சாம்பார்ல உப்பு கொறைஞ்சாக்கூட, உங்கப்பா காரு மாதிரின்னுதான் ஆரம்பிப்பாங்க."

அன்றைக்கு முடிவு செய்தேன். மாப்பிள்ளை என் காரில் ஏறிய பிறகு மண்டப வாசலில்தான் அவர் கால் தரையில் படும். முடிவு செய்த கையோடு பயமும் வந்துவிட்டது. இரண்டும் திருமணம் முடியும்வரை ஒரே வீட்டில் சம்பந்திகள் போல என்னோடு தங்கியிருந்தன.

பேகம்பூரில் எனக்கு ஒரு மெக்கானிக் நண்பர் உண்டு. பாய் என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு மடங்கு பேசுவார், எதையும் சந்தேகப்படாமல் பேசுவார். பயந்தவனுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டியிருக்கிறது. தோப்புக்கு வந்தவர் பானட்டைத் தூக்கினார், கார்புரேட்டரைப் பிடித்து ஆட்டினார். அது பால்பல் மாதிரி ஆடியது.

"அண்ணே, பெட்ரோலையும் காத்தையும் கலந்து கொடுக்கிறதுதான் இவன் வேலை. உள்ள தகடு சுத்துற கம்பி தேஞ்சு ஓட்டை பெருசாயிருச்சு. காத்து கள்ளத்தனமா உள்ள போகுது. மெதுவா ஓடறப்ப கலவை கெட்டு அணைஞ்சுருது. மாத்திருவோம்."

"என்னத்தப் போடுறது பாய்?"

மூன்று வழி இருந்தது. பழையதையே லேத்தில் கொடுத்துச் சரி செய்வது. இல்லையென்றால் ஜீப்பில் வரும் கார்புரேட்டரை, நடுவில் ஒரு தகடு செய்து பொருத்துவது. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் இரட்டைக் குழாய்க் கார்புரேட்டர். அதைப் போனில் படமாகப் பார்த்தபோதே எனக்கு நாக்கு ஊறியது. பளபளவென்று, பூஜைச் சாமான் மாதிரி இருந்தது.

"அண்ணே, யானைக்கு ஆழாக்குலயா தண்ணி காட்டுவீங்க? பெருசாப் போடுங்க" என்றார் பாய்.

போட்டோம். பயந்தவன் எப்போதும் பெரியதைத்தான் வாங்குவான். பொருத்திய அன்று காலை வத்தலக்குண்டு சாலையில் எடுத்துக்கொண்டு போனேன். கார் பறந்தது. பஸ்ஸை முந்தினேன், பூ ஏற்றிப் போன வேனை முந்தினேன். பக்கத்தில் பாய் "மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பேரும் பன்றிமலைக்கே ஓட்டிப் போய்விடுவோம் போல இருந்தது.

தோப்புக்குத் திரும்பியபோது மனைவி தேங்காய் எண்ணுபவர்களுக்கு டீ கொண்டுவந்திருந்தாள்.

"ரொம்ப வேகமாப் போகுதோ?"

"ராக்கெட்டு!"

"மேளக்காரங்க ராக்கெட்டு வேகத்துலயா நடப்பாங்க?" என்றாள்.

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளில் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

அவள் போனில் நாதஸ்வரம் ஒன்றைப் போட்டு, அதைக் காலியான டீத் தூக்குக்குள் வைத்தாள், சத்தம் நன்றாக வரும் என்று. தூக்கை ஏந்திக்கொண்டு வரப்பு ஓரப் பாதையில் கார் முன்னால் நடந்தாள். சீர்த்தட்டு ஏந்திப் போகும் நடை. "ம், வாங்க பின்னாடி."

முதல் கியரில் கிளம்பினேன். வண்டி ஒரு குதி குதித்தது. பிரேக்கை மிதித்தேன், அணைந்தது. மறுபடி. குதி, அணை. மூன்றாவது குதியில் அவள் தூக்கோடு வரப்புக்கு ஏறிவிட்டாள்.

"தவில்காரர இடிச்சுப் போடாதீங்க. அப்புறம் நாமதான் வாசிக்கணும்."

நிழலில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இளநீரை மெல்லிய குழலில் உறிஞ்சினால் லேசாக இழுத்தாலே வரும். மூங்கில் குழாயை வைத்து உறிஞ்சினால் நெஞ்சு வலிக்க இழுக்க வேண்டும். பெரிய கார்புரேட்டருக்கும் அதே கதை. எஞ்சின் வேகமாக மூச்சு இழுத்தால்தான் அது ஒழுங்காகப் பெட்ரோல் விடும். மேளத்துக்குப் பின்னால் போகிற வண்டிக்கு மெல்லிய குழல்தான் வேண்டும்.

"பாய், கழட்டுங்க. பழசுதான் போகப்போறோம்."

"அண்ணே, பளபளன்னு இருக்கேண்ணே..."

"அலமாரில வச்சுப் பாத்துக்குவோம். கழட்டுங்க."

லேத் பட்டறையில் தேய்ந்த ஓட்டைக்குள் புஷ் என்கிற பித்தளை வளையம் போட்டோம். ஆட்டம் நின்றது. பெட்ரோல் வரும் ஊசித்துளை ஜெட்டுகளைக் கழுவினோம், மிதவையை மட்டம் பார்த்தோம். மாட்டியதும் வண்டி அணையாமல் நின்று ஓடியது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். கிளம்பலாம் என்று ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டேன். விக்கல் எடுத்தவன்போல 'க்' என்று ஒரு சத்தம். அணைந்துவிட்டது.

"ஓடுது, கெளம்ப மாட்டேங்குது" என்றார் பாய். "கால வச்சதும் ஒரு பீச்சு பெட்ரோல் பீச்சணும்ல, அந்தச் சின்னப் பம்புல ரப்பர் போச்சு."

புது ரப்பர் போட்டோம். இரண்டே வாரத்தில், இப்போது எத்தனால் கலந்து வரும் பெட்ரோலில் ஊறி, அது வடைக்கு ஊறப்போட்ட உளுந்து போல உப்பிவிட்டது. திருமண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் தூக்கத்தில் கால் உதைத்தேன். "கிளச்சா, பிரேக்கா?" என்று மனைவி இருட்டில் கேட்டாள். குளிக்கும்போது சோப்பு நுரையோடு பாயைப் போனில் கூப்பிட்டு, "பாய், நாதஸ்வரத்த ஸ்கூட்டர்ல உக்கார வச்சுக் கூட்டிப் போனா என்ன, கொஞ்சம் வேகமாப் போகலாம்ல?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். என் வாழ்நாளில் பாய் பேசாமல் இருந்து நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

கடையில் அடிபம்புக்கு வாஷர் கேட்டு ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அதையே திரும்பப் பிடுங்கிப் பார்த்தேன். தோல். கிண்ணம் போல மடித்த தோல். இத்தனை வருடம் நான் விற்கும் சாமான். தண்ணீரை இழுத்துத் தள்ளுவதும் அதுதான், பெட்ரோலை இழுத்துத் தள்ள வேண்டியதும் அதுதான். இந்தக் கார் செய்த காலத்தில் அந்தச் சின்னப் பம்புக்கும் தோல்தானே போட்டிருப்பான்!

"ஏங்க, வாஷரத் தருவீங்களா மாட்டீங்களா?" என்றார் வந்தவர்.

என்னிடம் இருந்தது தடித்த தோல். பாயின் மச்சான் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்கிறவர், மெல்லிய ஆட்டுத்தோல் ஒரு துண்டு கொடுத்தார். நனைத்து, பித்தளைக் குச்சியில் கவிழ்த்துக் கட்டி, காய்ந்ததும் தையல் மிஷின் எண்ணெயில் ஊறவைத்தேன். தோல் மோதிர அளவுக்கு ஒரு குட்டிக் கிண்ணமானது. பம்பில் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் நூல் பிடித்தது போலப் பீச்சியது. பாய் அதைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். நானும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வேலை திருகு. கார்புரேட்டரின் அடிவயிற்றில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. உள்ளே திருகத் திருகப் பெட்ரோல் குறைந்து எஞ்சின் தடுமாறும். வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் கூடி, வயிறு முட்டச் சாப்பிட்டவன் நடப்பது போலத் தள்ளாடும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் எஞ்சின் நிம்மதியாகப் பெருமூச்சு விடும். அந்த இடத்தைப் பிடிக்க எஞ்சின் மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். தண்ணீர் குலுங்கினால் தப்பு. திருகுவேன், பார்ப்பேன், மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி திருகுவேன். கடைசியில் தண்ணீர் அடங்கியது. டம்ளரைத் தூக்கி நானே குடித்தேன்.

மனைவி மறுபடி தூக்கை ஏந்தி நடந்தாள். கார் அவள் பின்னால் கட்டிய கன்றுக்குட்டி போல வந்தது. நின்றாள், நின்றது. நடந்தாள், நடந்தது. வேண்டுமென்றே தென்னை மரத்தடியில் நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டாள். அணையவில்லை. "இம்புட்டு அடக்கமா நீங்களே என் பின்னாடி வந்ததில்லை" என்றாள்.

அப்படியும் பயம் விடுமா? என் மச்சினன்மார் நான்கு பேரையும் தோப்புக்கு வரச் சொன்னேன். எல்லோரும் நல்ல ஆகிருதி.

"மாப்ளைகளா, கார் அணைஞ்சா பின்னாடி இருந்து தள்ளணும். ஆனா தள்ளுறது தெரியக் கூடாது. மேளத்துக்கு ஆடுற மாதிரி இருக்கணும். ஆடிக்கிட்டே தள்ளணும்."

பெரியவன் தலையைச் சொறிந்தான். "மாமா, ஆடுறப்பத் தள்ளணுமா, தள்ளுறப்ப ஆடணுமா?"

"வித்தியாசம் தெரியாம இருக்கணும்லே!"

ஒத்திகை பார்த்தோம். தேங்காய் எண்ணுபவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

வைகாசி மாதச் சாயங்காலம். வெயில் இறங்கியும் தார் ரோட்டின் சூடு இறங்கவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் காரை விட்டுவிட்டு, பட்டு வேட்டி மாற்றப் போனேன். திரும்பி வந்தபோது பூ ஜோடிப்பவர்கள் வேலையை முடித்திருந்தார்கள். நிலக்கோட்டைப் பூ. கார் முழுக்க மல்லிகை. முன்பக்கம் வலை பின்னிக் காரின் முகத்தையே மூடியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு பின்சீட்டில் ஏறினார். சம்பந்தி கூட்டத்தோடு முன்னால் நடந்தார். பாய் வெள்ளைச் சட்டையில் என் ஜன்னலை ஒட்டி, மந்திரிக்குப் பாதுகாப்பு போல நடந்தார். பின்னால் நான்கு மச்சினன்மார்.

மேளம் கிளம்பியது. கார் நடந்தது. முதல் முச்சந்தியில் வித்வான் நின்றார். கார் நின்று முணுமுணுத்தது, அணையவில்லை. மறுபடி நடந்தார், விக்கல் இல்லாமல் கிளம்பியது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இத்தனை நாள் பார்க்காமல் விட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இருபக்கமும் வணக்கம் சொல்லிக்கொண்டே போனேன்.

இரண்டாவது முச்சந்தியில் வித்வானுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தவில்காரர் விடவில்லை. நின்ற இடத்திலேயே வெளுத்துக் கட்டினார்கள். எஞ்சினின் முணுமுணுப்பில் ஒரு தடுமாற்றம் கேட்டது. சூடு காட்டும் முள் மேலே ஏறியிருந்தது. பெட்ரோல் வாசம் மல்லிகை வாசத்தை மீறி வந்தது.

"பாய், திருகு! திருகு நகந்துருச்சு! கார்புரேட்டர் போச்சு!"

"திருகு இல்லண்ணே, சூடு. பெட்ரோல் உள்ள கொதிக்குது. பானட்டத் தொறங்க."

பாய் முன்னால் போய் பானட்டைத் தூக்கினார். வரவில்லை. பூ வலையை அதன் மேலாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக் கணக்கில் கார்புரேட்டரின் மூச்சைச் சரி செய்தேன். இன்றைக்கு ரேடியேட்டரின் மூக்கை மல்லிகையால் அடைக்க விட்டுவிட்டேன். காற்று போக வழியில்லை.

நான் இறங்கினால் அணையும். திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"மாப்பிள்ளை, செத்த நேரம் முன்னாடி வாங்க. எறங்காதீங்க, சீட்டத் தாண்டி வாங்க. இந்த ஆக்சிலேட்டர லேசா மிதிச்சுக்கிட்டே இருங்க. விட்டுறாதீங்க."

அவர் மாலையோடு சீட்டைத் தாண்டினார். நல்ல பிள்ளை. ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் குதித்து இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கார் முகத்தில் இருந்த பூவலையை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தேன். மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை காரின் பூவை, மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போதே, பெண்ணைப் பெற்றவன் பிய்க்கிறான். சம்பந்தியின் பெரியப்பா வாயைத் திறந்தபடி நின்றார். கையில் இரண்டு முழம் அகல மல்லிகையோடு நானும் அப்படியே நின்றேன்.

சீர்த்தட்டோடு வந்துகொண்டிருந்த என் மனைவி தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த பூவை வாங்கி, சம்பந்தியின் மனைவியைக் கூப்பிட்டாள்.

"அத்தாச்சி, வாங்க. மாப்பிள்ளை காருப் பூவு. எல்லாரும் தலையில வச்சுக்கங்க" என்று துண்டு துண்டாகக் கிள்ளி, சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். முகம் சாமி பிரசாதம் கொடுப்பது போல இருந்தது.

சம்பந்தி என்னருகில் வந்தார். "ஏனுங்க சம்பந்தி, இது உங்க பக்கத்துச் சம்பிரதாயமுங்களா?"

"ஆ... ஆமாங்க."

"நல்லா இருக்குதுங்க. எங்க பக்கம் இல்லீங்க."

இதற்குள் பாய் பானட்டைத் திறந்துவிட்டார். மனைவி தங்கை கையிலிருந்த தட்டிலிருந்து பன்னீர் பாட்டிலை எடுத்து யாருக்கும் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். என் அங்கவஸ்திரத்தைப் பன்னீரில் நனைத்து, டாங்கியிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் மேல் போட்டேன். உஸ் என்றது. மாப்பிள்ளை மிதித்துக்கொண்டே இருந்தார். முதலில் இருமிக்கொண்டிருந்த எஞ்சின் மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்தப் பெருமூச்சு வந்ததும் நான் பானட்டை மூடிவிட்டு மேளக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். மாப்பிள்ளை வந்த வழியே பின்சீட்டுக்குத் தாண்ட, நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வாசித்தார்கள். போனோம். மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தபோதுதான் மாப்பிள்ளையின் கால் தரையில் பட்டது.

எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அலங்காரத்தோடு மகள் வெளியே வந்து ஜன்னலில் குனிந்தாள்.

"அப்பா, தாலி கட்டுறது நாளைக்கு. அதுவரைக்கும் ஓட்டிட்டே இருக்கப் போறீங்களா? அணைச்சுட்டு வாங்க, சாப்பிடலாம்." கொஞ்சம் நின்று, "நல்லா வந்துச்சுப்பா" என்றாள்.

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அடங்கியது. அப்போது பின்னால் ஹாரன். சாப்பாட்டு வேன், வழி விட வேண்டும். மறுபடி சாவியைத் திருப்பினேன். சூடேறிய எஞ்சின் 'க்' என்றது. அவ்வளவுதான்.

"மாப்ளைகளா, ஓரமாத் தள்ளுங்கப்பா."

சொன்னது சும்மா தள்ளத்தான். ஆனால் ஒத்திகை அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது. நான்கு பேரும் பின்னால் கைவைத்து, இடுப்பை ஆட்டி, தோளைக் குலுக்கி, ஆடிக்கொண்டே தள்ள ஆரம்பித்தார்கள். மேளம் கிடையாது, ஒன்றும் கிடையாது. மண்டபப் படியில் நின்று சம்பந்தி அதைப் பார்த்தார். இறங்கி வந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, இதுவும் உங்க பக்கத்துச் சம்பிரதாயமுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "அப்படீன்னா நானும் ஒரு கை குடுக்கறனுங்க" என்று பின்னால் போய், என் மச்சினன்மாரோடு சேர்ந்து, கொஞ்சம் கூச்சத்தோடு, ஆடிக்கொண்டே தள்ளினார்.